கட்டுச்சோறும் காட்டடுப்பும்

கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவரின் கைபேசியும் தலைவிளக்கும் அணையாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகும் பவர் பேங்க் ஒன்று. போன இடத்தில் வெயிலுக்கு விரித்துவைக்கும் மடக்கு சோலார் தகடு மற்றொன்று. முன்னது கட்டுச்சோறு, பின்னது காட்டில் மூட்டும் அடுப்பு. சோறு உறுதியாகப் பசியாற்றும், ஆனால் தீர்ந்துபோகும். அடுப்பு தீராது, ஆனால் விறகு நனைந்தால் எரியாது. புதுமைப் பொருள்போலத் தோன்றும் சோலார்தான் இருவரில் மூத்தது. பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரியக் கலத்தைக் காட்டியது 1954-இல்; லித்தியம்-அயான் மின்கலத்தை சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது 1991-இல்.

வேற்றுமை எல்லோரும் அறிந்தது, உறவுதான் வியப்பூட்டுகிறது. முதல் உறவு, மேலே அச்சிட்ட எண்ணில் இருக்கிறது. பவர் பேங்கின் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வரும்போதே அது 14,800 ஆகிவிடும். வெப்பமாகப் போவதையும் கழித்தால் 12,000 அல்லது 13,000 தேறும். தகட்டின் 21 வாட்டோ, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் 25 டிகிரி வெப்பமும் உள்ள ஆய்வுக்கூடத்தின் கணக்கு. பாறைமேல் சரிந்து கிடக்கும் தகட்டில் நல்ல வெயிலிலும் 13, 14 வாட் வந்தால் மகிழலாம். ஆக, இரண்டிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் நம் கைக்கு வருகிறது.

குளிரில் இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில், 4,700 மீட்டருக்கு மேலுள்ள நிமாலிங் மேய்ச்சல் வெளியில், இரவு நீர் உறையும். அந்தக் குளிரில் லித்தியம் கலம் சோர்ந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே அதற்கு மின்னேற்றவும் கூடாது. அதே குளிர் சிலிக்கானுக்கு ஊட்டம். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அதன் விளைச்சல் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை கூடும். ஆகவே பவர் பேங்கைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்து, தூங்கும் பைக்குள் நம்மோடு படுக்க வைக்க வேண்டும். தகட்டையோ விடிந்ததும் சில்லிட்ட பாறையில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைக்க வேண்டும்.

வெக்கை இருவருக்குமே பகை. வெயிலில் தகட்டோடு கிடக்கும் கைபேசி சூடேறி, மின்னேற்றத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதைத் தகட்டின் அடிப்பக்க நிழலில் ஒதுக்கினால் போதும்: வெயிலை அறுவடை செய்யும் பொருளே வெயிலுக்குக் குடையாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

நிழல் தகட்டின்மேல் விழுந்தால் கதை வேறு. கலங்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரே ஓர் இலையின் நிழல் முழு வரிசையையும் தளரவைக்கும். ஏரில் பூட்டிய ஒரு மாடு படுத்தால் மற்றதும் நிற்பதுபோல. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டில், மூடுபனிக்குள், தகடு வெறும் சுமை. பவர் பேங்குக்குச் சோலையும் பாலையும் ஒன்றே.

ஆயினும் இவர்களைப் போட்டியாளர்களாக நிறுத்துவது தவறு. மேகம் கடக்கும்போது தகட்டிலிருந்து நேரே மின்னேறும் கைபேசி அறுந்து அறுந்து இணையும். சில நேரம் மீண்டும் இணையாமலே போகும். இடையில் பவர் பேங்க் இருந்தால் பகலெல்லாம் வருவதை வாங்கி வைத்து, இரவில் சீராகக் கொடுக்கும். அடுப்பில் பொங்கியதைக் கட்டுச்சோறாக்கும் வேலை அது.

எனவே மூன்று, நான்கு இரவுகளுக்குப் பவர் பேங்க் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அதைத் தாண்டினால், திறந்த வானமுள்ள இடமென்றால் மட்டும், தகட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லடாக்குக்குப் போக லே விமானத்தில் ஏறும்போது பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் அதற்கு அனுமதி இல்லை.