கருவியும் களமும்

அமெரிக்கக் கடற்படையின் 'யுஎஸ்எஸ் கொலராடோ' என்ற நீர்மூழ்கிக் கப்பல் 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பணியில் சேர்க்கப்பட்டது. பழைய பெரிஸ்கோப்புக்கு மாற்றாக அதில் அமைந்த கேமராவைத் திருப்புவதற்கு, சிறுவர்கள் வீட்டில் விளையாடப் பயன்படுத்தும் 'எக்ஸ்பாக்ஸ்' கன்ட்ரோலரே பொருத்தப்பட்டிருந்தது. அப்பணிக்கெனத் தனியே வடிவமைக்கப்பட்டிருந்த முந்தைய கருவியின் விலை ஏறத்தாழ 38 ஆயிரம் டாலர். கன்ட்ரோலரின் விலையோ 30 டாலருக்கும் குறைவு. இளம் மாலுமிகளுக்கு அதைப் பழக்கிக் கொடுக்க நீண்ட பயிற்சியும் தேவைப்படவில்லை.

ஒரு கருவியின் தகுதியைத் தீர்மானிப்பது அதன் விலையன்று. அது செய்ய வேண்டிய வேலையும், அதைப் பிடிக்கும் கையின் பழக்கமுமே ஆகும். காணொலி விளையாட்டுகளுக்குக் கன்ட்ரோலர் சிறந்ததா, விசைப்பலகையும் சுட்டியும் சிறந்தவையா என்று இளைஞர்களிடையே ஓயாமல் நடக்கும் விவாதத்தையும் இந்த அளவுகோல் கொண்டே பார்க்க வேண்டும். பெற்றோர் பலர் இதைப் பொழுதுபோக்குச் சச்சரவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் போட்டியின் நேர்மை, குடும்பத்தின் செலவு, மாற்றுத்திறனாளிகளின் வாய்ப்பு ஆகியவை இதில் அடங்கியிருக்கின்றன.

விசைப்பலகை விளையாட்டுக்காகப் பிறந்தது அன்று. அதன் எழுத்து வரிசை 1870-களின் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. 'மௌஸ்' எனப்படும் சுட்டியும் கணினிப் பணிக்காக உருவானதே. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் அதனைப் பொதுவெளியில் இயக்கிக் காட்டினார். மாறாக, கன்ட்ரோலர் விளையாட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. நிண்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோகோய் உருவாக்கிய சிலுவை வடிவத் திசைப் பொத்தான் 1982-இல் வெளிவந்தது. கட்டைவிரலால் எப்பக்கமும் சாய்க்கக்கூடிய சிறு குச்சியை 1996-இல் 'நிண்டெண்டோ 64' பரவலாக்கியது. மறு ஆண்டே சோனி இரண்டு குச்சிகள் கொண்ட கன்ட்ரோலரை வெளியிட்டது. அவ்வடிவமே இன்றுவரை நீடிக்கிறது.

இவ்விரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு எளியது. சுட்டியை ஓரங்குலம் நகர்த்தினால், திரையில் குறியும் அதற்கேற்ற தொலைவு நகர்ந்து நின்றுவிடும். அதாவது, கை இடத்தைச் சொல்கிறது. கன்ட்ரோலரின் குச்சியைச் சாய்த்தால், அது நிமிரும் வரை குறி நகர்ந்துகொண்டே இருக்கும். அதாவது, கை வேகத்தைச் சொல்கிறது. முன்னது ஒரு பொருளை விரலால் தொட்டுக் காட்டுவது போன்றது. பின்னது வண்டியை ஓட்டிச் சென்று குறிப்பிட்ட இடத்தில் நிறுத்துவது போன்றது. நுட்பமான இலக்கைத் தொடுவதில் முன்னதற்கே வெற்றி. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டும் அவருடைய சகாக்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்விலேயே, திரையில் உள்ள சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் ஜாய்ஸ்டிக்கைவிடச் சுட்டி விரைவானது, பிழை குறைந்தது என்பது தெரியவந்தது.

ஆனால், விசைப்பலகையின் குறையும் இங்கேதான் இருக்கிறது. அதன் ஒவ்வொரு விசையும் மின்விளக்கின் சுவிட்சைப் போன்றது. அழுத்தினால் முழுமை, விட்டால் சுழி. நான்கு விசைகளைக் கொண்டு எட்டுத் திசைகளில் மட்டுமே ஒரு பாத்திரத்தை நடத்த முடியும். கன்ட்ரோலரின் குச்சியோ எந்தத் திசையிலும், மெல்ல நடப்பது முதல் ஓடுவது வரை எந்த வேகத்திலும் நடத்த வல்லது. எண்ணிக்கையில் மட்டும் விசைப்பலகையே முன்னிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட விசைகள் அதில் உண்டு. கன்ட்ரோலரில் பதினாறு பொத்தான்கள் இருந்தால் அதிகம்.

இனி விளையாட்டு வகைகளைப் பார்ப்போம். வீரனின் கண்வழியே உலகைக் காட்டும் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில், நொடிக்கும் குறைவான நேரத்தில் சிறு இலக்கின் மீது குறியை வைக்க வேண்டும். இங்கு சுட்டியின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' போன்றவற்றின் தொழில்முறைப் போட்டிகள் சுட்டியோடும் விசைப்பலகையோடும் ஆடப்படுவதற்கு அதுவே காரணம். ஆயினும், 2001-இல் வெளிவந்த 'ஹேலோ', இவ்வகை விளையாட்டைக் கன்ட்ரோலரிலும் சுவையாக ஆட முடியும் என்று நிறுவியது. எப்படி என்பதைப் பின்னர் காண்போம்.

படைகளைத் திரட்டிப் போரிடும் வியூக விளையாட்டுகளில் சுட்டியும் விசைப்பலகையும் ஏறத்தாழ இன்றியமையாதவை. 1998-இல் வெளியாகித் தென் கொரியாவில் தொழில்முறை ஆட்டமாகவே வளர்ந்த 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டில், தேர்ந்த வீரர்கள் நிமிடத்துக்கு 300-க்கும் மேற்பட்ட கட்டளைகளை இடுவார்கள். அதையே 2000-இல் 'நிண்டெண்டோ 64' கருவிக்கு மாற்றியபோது, கன்ட்ரோலர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2009-இல் வெளிவந்த 'ஹேலோ வார்ஸ்' வேறு வழியைத் தேர்ந்தது. கன்ட்ரோலருக்கு ஏற்றபடி கட்டளைகளையே எளிமையாக்கியது. கருவிக்கேற்ப விளையாட்டே மாறுவதற்கு இது நல்ல சான்று.

கார்ப் பந்தயங்களில் நிலைமை தலைகீழ். வளைவில் ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பவும், பிரேக்கைப் பாதி அழுத்தவும் தெரிந்தவனே வெல்வான். சுவிட்சைப் போன்ற விசையால் இதைச் செய்ய இயலாது. அழுத்தத்தின் அளவை உணரும் கன்ட்ரோலரின் பொத்தான்கள் இதற்கெனவே அமைந்தவை. கால்பந்து விளையாட்டுகள், 'சூப்பர் மாரியோ' போன்ற தாவிக் குதிக்கும் விளையாட்டுகள், பாத்திரத்தின் முதுகுப் பின்னிருந்து காணும் சாகச விளையாட்டுகள் ஆகியவற்றிலும் கன்ட்ரோலரே இயல்பாகப் பொருந்துகிறது. 2012-இல் 'டார்க் சோல்ஸ்' கணினிக்கு வந்தபோது, சுட்டியும் விசைப்பலகையும் அதில் சரிவர இயங்கவில்லை என்று பலரும் குறைகூறினர். கன்ட்ரோலரை மனத்தில் கொண்டு படைக்கப்பட்டதை அப்படியே மாற்றியதன் விளைவு அது.

சண்டை விளையாட்டுகள் ஒரு வியப்பான விதிவிலக்கு. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' காலத்திலிருந்தே இவற்றுக்கு உரிய கருவி, விளையாட்டுக் கூடங்களில் இருந்த கைப்பிடிக் குச்சி. ஆனால், அண்மைக் காலமாகக் குச்சியே இல்லாமல், திசைகளையும் பொத்தான்களாகக் கொண்ட பலகைகளைத் தேர்ந்த வீரர்கள் பலர் நாடுகின்றனர். இங்கு வேகத்தின் அளவுக்கு வேலையில்லை. அழுத்துவதில் துல்லியமே வேண்டும். விசைப்பலகையின் தத்துவம் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே, எது சிறந்தது என்ற பொதுக் கேள்விக்குப் பொது விடை இல்லை. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் பன்னாட்டு வணிகத்துக்குச் சொன்ன 'ஒப்பீட்டு நன்மை'க் கோட்பாடு இங்கு நினைவுக்கு வருகிறது. ஒரு நாடு எல்லாவற்றிலும் வல்லதா என்பதன்று, எதில் அதன் வலிமை கூடுதல் என்பதே அவர் கேட்ட கேள்வி. கருவிகளுக்கும் அதுவே பொருந்தும்.

ஆயினும், தேர்வு எப்போதும் தகுதியின் அடிப்படையில் மட்டும் நடப்பதில்லை. தட்டச்சு எழுத்து வரிசையைச் சான்றாகக் கொண்டு பொருளியலறிஞர் பால் டேவிட் 1985-இல் விளக்கியதுபோல, தொடக்கத்தில் நேர்ந்த ஒரு தற்செயல் பிற்காலப் பழக்கத்தைக் கட்டிப்போட்டுவிடும். 1997-இல் 'குவேக்' போட்டியில் வென்று ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்ற அமெரிக்கர் டென்னிஸ் ஃபாங், டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளில் இடக்கை விரல்களை வைத்து ஆடியவர். அவர் புகழோடு அப்பழக்கமும் பரவியது. இன்று கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் அவ்வமைப்போடுதான் வெளிவருகின்றன. 2015-இல் வால்வ் நிறுவனம் இரு கருவிகளின் நன்மைகளையும் இணைக்க முயன்று, தொடுபலகைகள் கொண்ட கன்ட்ரோலரை வெளியிட்டது. 2019-இல் அது நிறுத்தப்பட்டது. பழகிய கையை மாற்றுவதும் ஒரு செலவுதான் என்பதை அம்முயற்சி காட்டியது.

இப்போது 'ஹேலோ' எழுப்பிய கேள்விக்கு வருவோம். கன்ட்ரோலரால் குறிவைப்பது கடினம் என்பதால், குறி இலக்கை நெருங்கும்போது அதன் வேகத்தைக் குறைத்தும், சில வேளை இலக்கோடு சேர்த்து இழுத்தும் விளையாட்டே உதவுகிறது. பொருளாதார மொழியில் சொன்னால், இது ஒரு மானியம். கன்ட்ரோலர்காரர்கள் தங்களுக்குள் ஆடும்வரை இதனால் எவருக்கும் இழப்பில்லை. ஆனால், 2018-இல் 'ஃபோர்ட்நைட்' வெவ்வேறு கருவிக்காரர்களை ஒரே களத்தில் மோதவிட்டபோது சிக்கல் தொடங்கியது. மானியம் குறைந்தால் கன்ட்ரோலர்காரர் தோற்கிறார்; மிகுந்தால் சுட்டிக்காரர் உழைத்துப் பெற்ற திறன் வீணாகிறது.

மானியம் உள்ள இடத்தில் போலிப் பயனாளிகளும் தோன்றுவது இயற்கை. சுட்டியையும் விசைப்பலகையையும் இணைத்துவிட்டு, அவற்றைக் கன்ட்ரோலர் என்று நம்பவைக்கும் இடைக்கருவிகள் சந்தையில் உள்ளன. சுட்டியின் துல்லியமும் கன்ட்ரோலரின் சலுகையும் ஒருவருக்கே கிட்டுகின்றன. இதைத் தடுக்க 2023-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் தனது 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' விளையாட்டில், அத்தகையோரைக் கண்டறிந்து அவர்களின் கட்டளைகளைத் தாமதப்படுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தகுதியுடையோரை அடையாளம் காண்பதே எந்த மானியத்துக்கும் முதல் தேவை என்ற பாடம் இங்கும் மெய்ப்படுகிறது.

இவை அனைத்தினும் முக்கியமானது மற்றொன்று. இரு கருவிகளுமே இரண்டு கைகளும் பத்து விரல்களும் நலமாக உள்ளவர்களை எண்ணி அமைக்கப்பட்டவை. மைக்ரோசாஃப்ட் 2018-இலும் சோனி 2023-இலும் மாற்றுத்திறனாளிகளுக்கான கன்ட்ரோலர்களை வெளியிட்டன. காலால் மிதிக்கும் பொத்தான் முதலிய துணைக் கருவிகளை அவரவர் உடல்நிலைக்கேற்ப அவற்றில் இணைத்துக்கொள்ளலாம். ஆனால், பொத்தான்களை விருப்பப்படி மாற்றியமைக்க விளையாட்டு இடம்தராவிட்டால், அக்கருவிகளின் பயன் குறைந்துவிடும்.

நம் நாட்டில் இப்போது இதைப் பேசவேண்டிய தேவை இருக்கிறது. மத்திய அரசு 2022 டிசம்பரில் மின்-விளையாட்டுகளை அங்கீகரித்தது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டம், பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்-விளையாட்டுகளை ஊக்குவிக்க வழிசெய்துள்ளது. 2023-இல் சீனாவின் ஹாங்செள நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு மின்-விளையாட்டுகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. சில சுட்டியையும் விசைப்பலகையையும் நம்பியவை. சில கைப்பேசியின் தொடுதிரையில் ஆடுபவை. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' கன்ட்ரோலர், கைப்பிடிக் குச்சி வகையைச் சேர்ந்தது. அதில் தங்கம் வென்ற தென் கொரியரான கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. நீண்ட காலம் ஒரே களத்தில் பழகிய கைக்குக் கிடைத்த பரிசு அது.

எனவே, விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது, மறுப்பதற்கும் வாங்குவதற்கும் முன்பு 'எந்த விளையாட்டுக்கு?' என்று பெற்றோர் கேட்க வேண்டும். வியூக விளையாட்டும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டும் என்றால், வீட்டுக் கணினியோடு உள்ள சுட்டியே தொடக்கத்துக்குப் போதும். பந்தயமும் கால்பந்தும் என்றால், அதே கணினியில் இணைக்கும் சாதாரணக் கன்ட்ரோலர் ஒன்றே போதும். விளையாட்டு நிறுவனங்கள் இரு கருவிகளுக்கும் இடம்தந்து, பொத்தான்களை மாற்றும் உரிமையை ஆடுவோரிடம் விட வேண்டும். போட்டி நடத்துவோர் எந்தக் கருவி, எவ்வளவு உதவி என்பதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். களத்தை அறிந்து கருவியைத் தேர்வதே அறிவுடைமை. கருவியால் எவரும் களத்துக்கு வெளியே நிறுத்தப்படாமல் பார்த்துக்கொள்வதே நீதி.