வீட்டு வடகமும் கடை வடகமும்

விருந்து இலையில் கறி வறுவலுக்குக் கிடைக்கும் மரியாதை அதன் அருகே கிடக்கும் பொரித்த வடகத்திற்குக் கிடைப்பதில்லை. ஆயினும் வடகம் வைக்க மறந்த இலையை எவரும் உடனே கண்டுகொள்வர். சேலம் மாநகரின் வடபால், ஏற்காட்டு மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த அஸ்தம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் இந்த இடத்தைப் பெரிதும் பிடித்திருப்பது ஜவ்வரிசி வடகம். வடாம் என்பாரும் வற்றல் என்பாரும் உளர். தாளிப்பதற்கென உருட்டி வைக்கும் வெங்காய வடகம் வேறு. அது நம் பேச்சுக்குப் புறம்பானது.

இவ்வடகத்தைக் கையில் எடுத்ததும் பிறக்கும் வினா ஒன்றுண்டு: "வீட்டில் இட்டதா, கடையில் வாங்கியதா?" வீட்டில் இட்டது என்போர் குரலில் பெருமிதமும், கடையில் வாங்கியது என்போர் குரலில் சிறு கூச்சமும் தொனிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே நாம் இழுத்திருக்கும் கோடு எவ்வளவு உறுதியானது என்பதை வரலாற்றின் துணைகொண்டு சற்று ஆராய்வோம்.

ஜவ்வரிசி என்னும் பெயரிலேயே கடல் கடந்த வாடை வீசுகிறது. ஜாவா அரிசி என்பதே அவ்வாறு மருவியது என்று சொல்வர். கிழக்கிந்தியத் தீவுகளில் 'சாகு' எனப்படும் பனையினத்து மரத்தின் தண்டைப் பிளந்து, உட்சோற்றை நீரில் கரைத்தெடுக்கும் மாவுதான் பண்டைய ஜவ்வரிசிக்கு மூலப்பொருள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவைக் கண்ட மார்க்கோ போலோ, ஃபன்ஸூர் நாட்டில் மக்கள் மரத்திலிருந்து மாவெடுத்து உண்பதை வியந்து எழுதினார். அரபு நூலோர் கற்பூரத்திற்காகப் போற்றிய அதே ஃபன்ஸூர்தான் இன்றைய பாரூஸ் வட்டாரம். அங்கே 1088-ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்திருக்கின்றனர். போலோவுக்கு இருநூறு ஆண்டுகள் முன்னதாகவே தமிழ் வணிகம் அக்கரையில் காலூன்றியிருந்தது. பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் சீனர்கள் அம்மாவை முத்து முத்தாக உருட்டிக் கப்பலேற்றினர்.

ஆனால் சேலத்து ஜவ்வரிசிக்கு அந்த மரத்தோடு எவ்வித உறவும் இல்லை. இது மரவள்ளியிலிருந்து பிறப்பது. சேலத்தார் அதனைக் குச்சிக் கிழங்கு என்பர். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அக்கிழங்கு போர்த்துக்கீசியர் வழியே கீழ்த்திசைக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்தைத் தாங்கும் பயிரென்று கருதி அதனைப் பரப்பினார். ஏழைகளின் வயிற்றுக்கென வளர்க்கப்பட்ட கிழங்கு, விருந்தின் ஓரத்திற்கு வந்து சேர்ந்த கதை இனித்தான் தொடங்குகிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. கீழைக் கடல் வழியே ஜவ்வரிசி வருவது நின்றது. மறு ஆண்டே, அதாவது 1943-இல், சேலத்தில் ஜவ்வரிசி பிறந்தது. கருவாட்டு வாணிபத்திற்காகக் கேரளம் சென்று வந்த மாணிக்கம் செட்டியார் என்பாரும், மலாயாவிலிருந்து வந்து இத்தொழிலின் நுணுக்கம் அறிந்திருந்த போபட்லால் ஷா என்பாரும் அதற்கு வித்திட்டனர். தொடக்கத்தில் எல்லாம் கைவேலை. கிழங்கைச் சீவி, அரைத்து, துணியில் வடிகட்டி, பால் தெளிந்து அடியில் தங்கிய மாவைத் துணித் தொட்டிலில் இட்டுக் குலுக்கினர். குலுக்கக் குலுக்க மாவு மணியாகத் திரண்டது. அம்மணிகளைச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து வெயிலில் உலர்த்தினர். வேங்கடாசலக் கவுண்டர் என்னும் பொறிவல்லார் இயந்திரங்களைத் திருத்தியமைத்த பின்னரே உற்பத்தி பெருகியது. 1944-இல் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, கிழங்கு மக்கள் உண்பதற்கே வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர் இத்தொழிலைத் தடை செய்ததும் உண்டு. பிறந்து ஓராண்டில் தடையைக் கண்ட தொழில் அது! பிற்காலத்தில் ஆலைகள் பெருகவே, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

இனி மொட்டை மாடிக்கு வருவோம். இரவே ஊறவைத்த ஜவ்வரிசியை விடியற்காலையில் கொதிநீரில் இட்டுத் துழாவ வேண்டும். வெண்மணிகள் கண்ணாடிபோல் தெளியும் பதத்தில் உப்பும், அரைத்த பச்சை மிளகாயும், சீரகமும், எலுமிச்சைச் சாறும் சேரும். வெயில் ஏறுமுன் ஈர வேட்டியின்மேல் கரண்டி கரண்டியாக இட்டு முடிக்க வேண்டும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தில் நீர் தெளித்தால் வடகம் தானே கழன்று வரும். மறுநாளும் வெயில் வேண்டும். காக்கைக்குக் காவலாகக் கருங்குடையை விரித்து வைப்பதும், அக்காவலையும் மீறிக் குழந்தைகள் பாதி காய்ந்த வடகத்தைத் தின்று தீர்ப்பதும் தனிக்கதை. (அந்த அரைக்காய்ச்சல் வடகத்தின் சுவைக்கு ஈடு பொரித்த வடகமும் இல்லை என்பதே இதனை எழுதுவோன் கருத்து.) வெந்து காய்ந்த மாவில் சிக்கிய சிறிது ஈரமே, காய்ந்த எண்ணெயில் ஆவியாகி அதனை மலர்த்துகிறது. காய்ச்சல் குறைந்தால் நடுவில் கல்போல் நிற்கும். தேர்ந்த கைகள் அதனை ஒடிக்கும் ஓசையிலேயே பதம் அறியும்.

இத்தனை உழைப்பும் வீட்டுப் பெண்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஊறவைத்த ஜவ்வரிசி எங்கிருந்து வந்தது? கடையிலிருந்துதான். அதற்கு முன் ஆலையின் களத்திலிருந்து. அங்கே கிழங்கின் தோலை உரித்தவர்களும், அதே சேலத்து வெயிலில் மணிகளைப் பரப்பி உலர்த்தியவர்களும் கூலிக்கு வந்த பெண்கள். மாடியில் ஒருத்தி கூலியின்றிக் காய்கிறாள். களத்தில் ஒருத்தி கூலிக்குக் காய்கிறாள். வீட்டில் இட்டது என்று நாம் நெஞ்சு நிமிர்த்தும்போது இரண்டாமவளை மறக்கிறோம். கடையில் வாங்கியது என்று கூசும்போதோ முதலாமவளுக்கு ஓய்வு கிடைத்ததையும் மறக்கிறோம்.

கடைச் சரக்கில் குறையில்லை என்று நாம் வாதிட வரவில்லை. வண்ணமூட்டி அச்சில் வார்த்த வடகங்கள் கண்ணுக்கு இனியவை. நாவுக்கு உப்பு ஒன்றே தெரியும். ஜவ்வரிசியிலேயே மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெண்மைக்காக வெளுப்பு மருந்து சேர்ப்பதும் சேலத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நடவடிக்கைக்கு உள்ளாகியிருக்கின்றன. அளவுக்கு மீறி வெளுத்த ஜவ்வரிசியை வாங்கினால், வீட்டில் இட்ட வடகத்திலும் அந்த மருந்து இருக்கும். மாடி வெயில் அதனைப் போக்காது.

பிற நாட்டாருக்கும் இச்சிக்கல் உண்டு. சுட்ட மாட்டிறைச்சியோடு ஆங்கிலேயர் உண்ணும் யார்க்‌ஷயர் புட்டிங், இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பைத் தாங்குமாறு அடியில் வைத்த மாவுப் பண்டம். 1747-இல் ஹன்னா கிளாஸ் என்னும் பெண்மணி அதன் செய்முறையை அப்பெயரிலேயே நூலில் ஏற்றினார். இன்று அங்கே பல வீடுகள் அதனை உறையவைத்த பொட்டலமாக வாங்குகின்றன.

நம் நாட்டிலோ மூன்றாம் வழி ஒன்று தோன்றியது. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, குடியிருப்பின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். லிஜ்ஜத் என்று பெயர் பெற்ற அவ்வமைப்பில் பிசைந்த மாவைப் பெற்றுச் சென்று, தத்தம் வீட்டில் அப்பளம் தேய்த்துத் தருவோர் உறுப்பினர், உறுப்பினரே உடைமையாளர். அந்த அப்பளம் வீட்டில் இட்டதா, கடையில் வாங்கியதா?

சேலத்து வடகத்திற்கு அத்தகைய பெரும் அமைப்பு வாய்க்கவில்லை. வீட்டில் இட்டு மளிகைக் கடைக்குக் கொடுக்கும் பெண்கள் தனித்தனியே அத்தொழிலைச் செய்கின்றனர். ஜவ்வரிசி அவர்கள் முதல்; விறகோ எரிவாயுவோ அவர்கள் செலவு. சித்திரையில் திடீரென ஒரு கோடை மழை கொட்டினால் அன்று வேட்டியில் இட்டதெல்லாம் கூழாகும். கடைக்காரர் காய்ந்ததை மட்டுமே நிறுத்து வாங்குவார்.