மண்வெட்டிப் பட்டாளம்

தைப் பொங்கலன்று கம்பம் பள்ளத்தாக்கில் சூரியனுக்கு மட்டும் பொங்கலிடுவதில்லை. ஓர் ஆங்கிலேயருக்கும் பொங்கலிடுகிறார்கள். 1841 ஜனவரி 15-இல் பிறந்த கர்னல் ஜான் பென்னிகுயிக்தான் அவர். 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. பெரியாற்று அணையைக் கட்டியவருக்கு இந்த நன்றி தகும். ஆனால் ஒருவருக்கு மாலை போட்டதோடு நம் கடன் தீர்ந்துவிட்டதா?

மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பும் யோசனை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை நினைத்துப் பார்த்தார். செலவு மலைக்க வைத்தது. 1808-இல் கால்டுவெல் என்ற காப்டன் அது ஆகாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876-78 பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்த பிறகுதான் சர்க்காருக்கு வேகம் பிறந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. அடுத்த வருஷமே வேலையும் தொடங்கிற்று.

பத்திரத்தில் கையெழுத்திடுவது சுலபம். யானைக் காட்டில், மலேரியாவுக்கும் அடைமழைக்கும் நடுவே, மண் சுமப்பது யார்? பென்னிகுயிக் ராணுவ இன்ஜினீயர். அவருக்குத் துணை வந்ததும் ராணுவமே. சென்னைப் பயனீர் படையின் முதலாம், நான்காம் பட்டாளங்கள் மலையேறின. பயனீர் என்றால் மண்வெட்டி பிடித்த சிப்பாய். படை போவதற்கு முன்னால் போய்ப் பாதை போடுகிறவன். இங்கே எதிரி யாரும் இல்லை, ஆறுதான் எதிரி. கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்கள் தடுப்புகளை அமைத்தார்கள். போட்ட தடுப்பை வெள்ளம் கொண்டுபோகும். வெள்ளம் வடிந்ததும் மறுபடி போடுவார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்து 1200 அடி நீளச் சுவர் எழுந்தது இப்படித்தான். ஒரு மைலுக்கும் அதிகமாக மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள்.

1895 அக்டோபர் 10-இல் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். வேலை நடந்த காலத்தில் நோயில் மாண்டவர்கள் 483 பேர் என்பது கணக்கு. அணைக்கு வடக்கே, அங்கேயே புதைத்தார்கள்.

போரில் விழுந்த சிப்பாய்க்கு வீரன் என்று பெயர் வைக்கிறோம். காய்ச்சலில் விழுந்த இந்தச் சிப்பாய்க்கும் கூலிக்காரனுக்கும் வெறும் எண்தான் மிஞ்சிற்று. அந்த எண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் ஊர் உண்டு, வீடு உண்டு, திரும்பி வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் உண்டு.

அடுத்த தையில் கூடலூர்ப் பக்கம் பானை பொங்கும்போது, கர்னலுக்கு ஓர் இலை போடுங்கள். பக்கத்தில் இன்னும் ஓர் இலை போட்டால் போதும். 483 பேரும் அதில் பகிர்ந்துகொள்வார்கள். அவர்களுக்குப் பகிர்ந்து உண்டு பழக்கம்.