போர்டிலிருந்து ஈயத்தை எடுப்பவர் யார்?

நெய்வேலி நகரியத்தில் நான் பள்ளியில் படித்த காலத்தில், டிவி பழுது பார்ப்பவரை எங்கள் வட்டத்தில் எல்லோரும் 'மெக்கானிக் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன ஒரு ரெசிஸ்டரை அவர் போர்டிலிருந்து எடுப்பதை நின்று பார்த்திருக்கிறேன். சால்டரிங் அயர்னின் முனையை வைப்பார், ஈயம் பளபளவென்று உருகும். உருகிய ஈயத்தைப் பம்பால் டக்கென்று உறிஞ்சிவிட்டு, ட்வீசரால் பாகத்தைத் தூக்கிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், நகரியத்துக்கு வெளியே ஒரு காயலான் கடையின் பின்புறத்தில் அதே வேலையை மறுபடி பார்த்தேன். ஒரு அக்கா கரி அடுப்பின் மேல் இரும்புத் தகட்டை வைத்து, அதில் பழைய போர்டைச் சுட வைத்திருந்தார். ஈயம் இளகியதும் இடுக்கியால் தூக்கிக் கல்லில் ஒரு தட்டு தட்டினார். பாகங்கள் எல்லாம் உதிர்ந்தன. மூக்கை மூட முந்தானை மட்டும்தான். "சாயங்காலம் ஆனா நெஞ்சு கமறும் தம்பி" என்றார். காலனியிலிருந்து வருவதாக அவரே சொன்னார். கடையில் அவரைப் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு பேரும் ஈயத்தை உருக்கிப் பாகத்தைத்தான் கழற்றினார்கள். அது ஒருவர் கையில் தொழில்நுட்பமாகவும் இன்னொருவர் கையில் குப்பை வேலையாகவும் ஆனது எப்படி? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வெள்ளீயம், காரீயம் இரண்டையும் பேச்சுவழக்கில் நாம் ஈயம் என்றே சொல்கிறோம். மின்னணுப் போர்டுகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கிய பற்றாசு இந்த இரண்டின் கலவை. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மெக்கானிக்கின் அயர்ன் ஊசிமுனை அளவு இடத்தை மட்டுமே சுடும். கரி அடுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. போர்டின் பிசினும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகும். ஈயத் துகள் கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக் குழந்தை வரைக்கும் போகும். குழந்தையின் உடம்பில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-இல். 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அந்தக் காலத்துப் போர்டுகளில் பாகங்கள் பெரியவை, கையால் மாற்றலாம். பின்னர் பாகங்கள் அரிசிக் குருணை அளவுக்குச் சுருங்கி, போர்டின் மேல்பரப்பிலேயே ஒட்டப்பட்டன. அவற்றைக் கழற்ற சூடான காற்றை ஊதும் கருவி வேண்டும், பூதக்கண்ணாடி வேண்டும். பல வீடுகளில் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது லாபமானது. பழுது பார்ப்பவர் மேசைக்கு வந்துகொண்டிருந்த போர்டு காயலான் கடைக்குப் போனது. வேலை மறையவில்லை, கைதான் மாறியது.

2006 ஜூலை 1 முதல், புதிய மின்னணுப் பொருட்களில் ஈயத்தைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு விதித்தது. அதே 2006-இல்தான் தமிழ்நாட்டில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஏழை வீடுகளுக்கு வந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை ஊர்த்தெருவில் யார் வீட்டு வாசலிலோ நின்று படம் பார்த்த பிள்ளைகளுக்கு அது தன்மானத்தைக் கொடுத்தது. ஆனால் ஈயத்துக்கான கட்டுப்பாடு இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2014-இல்தான். அந்தப் பெட்டிகள் பழசானபோது அவற்றைப் பிரிக்கப் போகிறவரைப் பற்றி எந்தத் திட்டமும் யோசிக்கவில்லை.

இது நம் ஊர்க்கதை மட்டுமல்ல. சீனாவின் குய்யூவில் கரி அடுப்பில் போர்டு சுடும் தொழிலாளர்களை 2002-இல் வெளியான ஓர் அறிக்கை உலகத்துக்குக் காட்டியது. அங்குள்ள குழந்தைகளின் இரத்தத்தில் பக்கத்து ஊர்க் குழந்தைகளைவிட அதிக ஈயம் இருப்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. தில்லி சீலம்பூரில் இந்த வேலை ஏழை முஸ்லிம்களின் தலையில் விழுந்திருக்கிறது. ஊருக்கு ஊர் ஆட்கள் மாறினாலும், வேறு வேலை மறுக்கப்பட்டவர் யாரோ அவரிடம்தான் இந்த வேலை போய்ச் சேர்கிறது.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். ஐசி எந்த நூற்றாண்டுக் கண்டுபிடிப்பாகவும் இருக்கட்டும், அது கழிவாகிற நொடியில் பழைய வரிசை திரும்பி வந்துவிடுகிறது. நவீனத் தொழில் வந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு காயலான் கடையின் பின்புறத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் முதல் மின்கழிவு விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1-இல் அமலுக்கு வந்தன. 2016 விதிகளில்தான் நமக்கு வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. மின்கழிவைப் பிரிக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது, அவர்கள் குழுக்களாகச் சேர உதவுவது, பயிற்சி கொடுப்பது, ஆண்டுதோறும் அவர்களின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் கண்காணிப்பது ஆகியவை மாநிலத் தொழிலாளர் துறையின் கடமை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2022 விதிகளிலும் இந்தக் கடமை தொடர்கிறது.

தோழர்களே, இது சலுகை இல்லை, எழுதி வைக்கப்பட்ட கடமை. உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் இப்படிப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு இரத்தத்தில் ஈயப் பரிசோதனை நடந்திருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் 'இல்லை' என்று வந்தாலும் அது ஓர் ஆவணம். நம் போராட்டங்கள் பல அப்படி ஒரு தாளிலிருந்துதான் தொடங்கியிருக்கின்றன.

மனு போடுவதற்கு முன் அந்தக் கடையின் பின்புறம் ஒருமுறை போங்கள். அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள்.

ஜெய் பீம்.