பயில்முறை நாடகமும் வேடப்பெட்டியும்

தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஆசிரியரைப் பற்றி எழுதினர். நடிகரைப் பற்றி எழுதினர். பின்பாட்டு, ஹார்மோனியம், திரைச்சீலை ஆகியவற்றைப் பற்றியும் ஓரளவு எழுதினர். நடிகர் உடுத்திய துணி யார் வீட்டிலிருந்து வந்தது, ஆட்டம் முடிந்தபின் அது எங்கே போயிற்று என்னும் வினா மட்டும் பெரிதும் எழுப்பப்படாமலே நின்றது. பத்தாண்டு மலருக்கு நாடகம் குறித்து ஒரு கட்டுரை வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது அவ்வினாவையே எடுத்துக்கொண்டேன். நம் வட்டம் அரங்கேற்றிய கவிதை நாடகங்கள் மூன்றுக்கு உடைப் பொறுப்பை என் தலையில் கட்டியவர்கள் இக்கட்டுரைக்கும் பொறுப்பாவார்கள்.

வேடத்தைப் புறத்தோற்றம் என ஒதுக்குவது நம் மரபன்று. வடமொழி நாட்டிய நூலார் அபிநயத்தை நான்காகப் பகுத்து, உடையும் ஒப்பனையுமாகிய ஆகாரியத்தை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். கடலாடு காதையில் மாதவியின் பதினோராடலைச் சொல்லும் இளங்கோவடிகள், அவ்வாடல்கள் அவரவர்க்குரிய அணியோடு நிகழ்ந்தன என்று குறிக்கத் தவறவில்லை. ஆயினும் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனப் பலருக்கும் இலக்கணம் வகுக்கப்பட்டிருக்கிறது. அணிவித்த கைக்கு இலக்கணம் இல்லை. வகுப்பில் இக்காதையை ஆண்டுதோறும் நடத்துகிறேன்; உடைப்பொறுப்பு ஏற்ற பிறகுதான் அந்த இடைவெளி என் கண்ணில் பட்டது.

தெருக்கூத்தில் இச்சிக்கல் இல்லை. வேடப்பெட்டி குழுவின் உடைமை. கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் யாவும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டி ஆக்கப்பட்டவை. பந்த வெளிச்சத்தில் அச்சில்லுகள் நெருப்பாய் மின்னும். பகலில் பார்த்தால் திருவிழாக் கடைப் பொம்மைபோல் இருக்கும். வேடம் விளக்குக்கு ஏற்றது என்பதைக் கூத்தர் நன்கறிந்திருந்தனர். முகம் எழுதுவதையும் அவர்களே செய்துகொள்வர். அரிதாரம் என்பது பாஷாணம் சேர்ந்த மஞ்சள் கனிமம். நடிகராவதை ‘அரிதாரம் பூசுதல்’ என்றே சொல்லி வருகிறோம்.

கம்பெனி நாடகங்களிலும் உடை முதலாளியின் சொத்தே. கன்னையா கம்பெனியும், பின்னர் நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவும் காட்சி ஜோடனையாலும் உடைப்பகட்டாலும் பெயர்பெற்றவை. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

சிக்கல் பயில்முறை சபைகளோடுதான் தொடங்குகிறது. பெல்லாரி கிருஷ்ணமாசார்யலுவின் குழு சென்னைக்கு வந்து நடித்த தெலுங்கு நாடகங்களைக் கண்ட தூண்டுதலில், பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சுகுண விலாச சபையை நிறுவினர். கற்றோரும் வழக்கறிஞரும் அலுவலரும் ஊதியம் கருதாமல் மேடையேறினர். ‘கூத்தாடி’ என்னும் இழிசொல்லுக்கு அஞ்சாது ஏறினர். 1910களில் சபையார் இலங்கை சென்று நடித்தனர். அவ்வழியில் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை எழுந்தது. அதன் கலையரசு சொர்ணலிங்கம் பம்மலாரையே தம் குருவாகக் கொண்டார்.

இச்சபையின் மேடையில் நெடுங்காலம் பெண் ஏறவில்லை. நாயகி வேடங்களில் புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு. பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தியதையும், கே. பி. சுந்தராம்பாள் மேடையை ஆண்டதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இழிவெனப்பட்ட தொழில்முறை மேடையில் பெண்ணுக்கு இடம் இருந்தது. கண்ணியம் தேடிய கற்றோர் மேடையில் இல்லை.

பம்மலார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். வெனிஸ் நகரத்து வணிகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார். பெயரை மாற்ற ஒரு பேனா போதும். வாணீபுரத்தார் எந்நாட்டுத் துணி உடுத்துவர்? அரசனுக்கு வாடகைக் கிரீடமும் வெல்வெட்டு அங்கியும் கிடைக்கும். குடும்பப் பெண்ணுக்கு? ‘சபாபதி’ போன்ற நாடகத்தில் புடவை மெய்யான வீட்டுப் புடவையாகவே தோன்ற வேண்டும். டோப்பாவை விலைக்கு வாங்கலாம். உடுத்திப் பழகிய பட்டுக்குக் கடை ஏது? பெட்டியற்ற சபைகளுக்கு நடிகர்தம் வீட்டு அலமாரியே வேடப்பெட்டி ஆயிற்று என்பது என் துணிபு. மேடையேறக் கூடாதவளின் புடவையும் அட்டிகையும் மேடையேறின.

துணிபு என்றேன். அதற்கு என்னிடம் உள்ள சான்று ஒரே ஒரு வாய்மொழிதான். அது என் அப்பாயியினுடையது.

1946 வாக்கில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளி ஆசிரியரான என் பாட்டனார் உறுப்பினராயிருந்த சபை அரிச்சந்திர நாடகம் போட்டது. சந்திரமதியாக நடித்தவர் ஓர் எழுத்தர். அரண்மனைக் காட்சிக்கு அப்பாயியின் கூறைப்புடவை கேட்கப்பட்டது. மயான காண்டத்துக்குக் கிழிந்த நூல் சேலை ஒன்றும் கேட்கப்பட்டது. கால் பணமும் முழத்துண்டும் இன்றி மகனை எரிக்க வழியற்று நிற்பவளின் உடை அது. கதையே அவ்வுடையில்தான் நிற்கிறது. இரண்டையும் எடுத்துக் கொடுத்த அப்பாயிக்கு அப்போது இருபது வயது.

“பட்டைக் கேட்டப்ப பெருமையாத்தான் இருந்துச்சு கண்ணு. கிழிஞ்சதக் கேட்டாங்க பாரு, அதான் சங்கடமாப் போச்சு. ஊரே பாக்குமே, இவ வூட்ல இதத்தான் கட்டுறான்னு.”

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நாடகம் பார்த்தார். யார் எப்படி நடித்தார் என்று கேட்டால் நினைவில்லை என்பார். கொசுவம் தரையில் இழுபட்டதும், ஊக்கு குத்திய இடமும் ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் அவருக்கு நினைவிருந்தன. கூறைப்புடவை ஒரு வாரம் கழித்து வந்தது. முந்தானையில் ரோஸ் பவுடர், இடுப்புப் பக்கம் ஏழு துளை. நூல் சேலை வரவில்லை. அதைத் திருப்பித் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்க அவருக்கு நா எழவில்லை.

விடுதலைக்குப் பின் சென்னையில் நிலை மாறிற்று. 1952இல் தோன்றிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1954இல் தோன்றிய விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற குழுக்களின் சமூக நாடகங்களில் கூடத்துச் சோபாவும் அன்றாட உடையுமே போதுமானவை ஆயின. 1977இல் கூத்துப்பட்டறையும் 1978இல் பரீக்ஷாவும் வேறு வழி கண்டன. புராண வேடம் பள்ளி ஆண்டுவிழாவுக்கான வாடகைக் கடையில் ஒதுங்கியது. அக்கடைகளின் பாரதி கோட்டு எல்லாப் பிள்ளைக்கும் முழங்கால் வரை தொங்குவதேன் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

உடைப்பொறுப்பு ஏற்ற முதல் நாளே ஒரு குறிப்பேடு தொடங்கினேன். காட்சி, வேடம், துணி, உரியவர், வாங்கிய நாள், தந்த நாள் என ஆறு கட்டங்கள். தவறிக் கற்ற பாடங்களும் அதிலுண்டு. ஒப்பனைக்குப் பின் தலைவழியாக மாட்டும் உடை ஆகாது. சரிகைமேல் வாசனைத் திரவம் பட்டால் கருக்கும். வியர்வை ஏறிய பட்டை அன்றிரவே மடிக்கக் கூடாது; நிழலில் உலர்த்தி, வெள்ளை நூல் துணியில் சுற்ற வேண்டும். அடுத்தடுத்த காட்சிகளில் வருபவருக்கு இரண்டாம் உடையை முதலிலேயே உள்ளே உடுத்திவிட வேண்டும். முதல் நாடகத்தில் இவற்றுள் ஒன்றையும் அறியாமல் ஒரு தோழியின் சேலையைப் பாழாக்கினேன். அவர் இன்றும் என்னோடு பேசுகிறார், சேலை தருவதில்லை.

நம் மூன்று நாடகங்களின் அழைப்பிதழ்களும் என்னிடம் உள்ளன. கவிஞர் பெயர் பெரிய எழுத்தில். நடித்தோர், இசைத்தோர், ஒளியமைத்தோர் பெயர்கள் சிறிய எழுத்தில். குறிப்பேட்டின் நான்காம் கட்டத்தில் இருப்பவை இருபத்தாறு பெயர்கள், அனைவரும் பெண்கள். ஒருவர் பெயரும் அழைப்பிதழில் இல்லை. அவ்வழைப்பிதழ்களுக்கு மெய்ப்புத் திருத்தியவள் நானே.

கூறைப்புடவை இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டாம் நாடகத்தில் கோப்பெருந்தேவிக்கு அதை உடுத்தினோம்; துளைகள் தெரியாதபடி கொசுவத்தை இடம் மாற்றி வைத்தேன். குறிப்பேட்டில் ‘உரியவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, அடித்துவிட்டு, அப்பாயியின் பெயரை எழுதினேன். தந்த நாள் என்ற கட்டம் நிரப்பப்படவில்லை.