பூசினாப்ல இருக்கும் பிள்ளை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பிள்ளையின் முகம் கொஞ்சம் உப்பினால், ‘பூசினாப்ல இருக்காம்லா’ என்று சந்தோஷப்படுவார்கள். காலையில் கண்ணிமை வீங்குவதும் சாயங்காலம் வடிவதும் யாருக்கும் உறைக்காது. கால், வயிறு என்று வீக்கம் இறங்கின பிறகுதான் ஆஸ்பத்திரி. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்: சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரோடு போய்விடும் நோய்.

இதன் வரலாறு, சிறுநீரை எப்படிப் பார்த்தார்கள் என்பதன் வரலாறும்கூட. தாமிரபரணிக் கரைக்கு அந்தப் பார்வை பழசு. கடையம் பக்கத்துத் தோரணமலையோடு சேர்த்துச் சொல்லப்படும் சித்தர் தேரையர். அவர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைக் கவனிக்கச் சொல்கிறது. நெய்க்குறியில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் வடிவத்தை வைத்து வாதமா, பித்தமா, கபமா என்று கணிப்பார்கள். நுரையைக் கவனித்த கண் கூர்மையானதுதான். ஆனால் அந்த நுரைக்குள் புரதம் இருக்கிறது என்று காட்ட நெருப்பு வேண்டியிருந்தது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கின நோயாளிகளின் சிறுநீரைச் சூடாக்கினார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரண்டது. இறந்தவர்களை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. 1827இல் இதை வெளியிட்டார். ஒரு கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் லேப்.

பாளையங்கோட்டையில் இந்த இரண்டு மரபும் பக்கம் பக்கமாக இருக்கின்றன: 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 1965இல் ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி.

பிரைட்டால் கண்டுபிடிக்க முடிந்தது, காப்பாற்ற முடியவில்லை. ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் வருவதற்கு முன்னால், இந்த நோய் வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள், பெரும்பாலும் தொற்றால். 1950களில் ஸ்டீராய்டு அதை மாற்றியது. இன்று பிரெட்னிசலோன் கொடுத்தால் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் சில வாரங்களில் புரதம் போவது நின்றுவிடும்.

பலருக்குத் திரும்பவும் வரும். அதனால் சோதனை வீட்டுக்கே வந்துவிட்டது. அம்மா காலையில் பிள்ளையின் சிறுநீரில் பட்டையை முக்கி, மஞ்சள் எவ்வளவு பச்சையாகிறது என்று நோட்டில் குறிக்கிறார். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் இதை லாக் என்போம். சர்வர் விழுவதற்கு முன்னாலேயே அதில் தெரிந்துவிடும், யாராவது படித்தால்.

சோதனை சுலபம், மாத்திரை விலை குறைவு. நாள் போவது அந்த ஒரு வார்த்தையில்தான். ‘பூசினாப்ல இருக்கான்’ என்று யாராவது சொன்னால், ‘காலையில மட்டுமா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அன்றைக்கே சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.