பறையும் பேண்டு வாத்தியமும்

அச்சரப்பாக்கத்தின் பழம்பெயர் அச்சிறுபாக்கம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேரச்சு இற்றுப்போன இடம் என்பது தலபுராணம். திருஞானசம்பந்தர் பாடிய தலமும் இதுவே. இவ்வூரைப் போன்ற தமிழ்நாட்டு ஊர்களில் எந்த வாத்தியம் எவ்வீதியில் ஒலிக்கலாம், அதை யார் இசைக்கலாம் என்பவற்றை நெடுங்காலம் சாதியே வரையறுத்து வந்தது. கோயிலுக்கு நாகசுரமும் தவிலும். சாவுக்கும் ஊரறிவிப்புக்கும் சேரியிலிருந்து பறை. இவ்விரண்டு வட்டங்களுக்கும் புறம்பாக மூன்றாவதாக வந்து சேர்ந்தது பேண்டு வாத்தியம். கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கும் கூட்டமாக மட்டுமே அதை எண்ணும் இறையியல் மாணவர்கள், அது நம் கிராமச் சபைகளின் வரலாற்றோடு பிணைந்தது என்பதை அறிதல் நன்று.

பித்தளை வாத்தியங்கள் முதலில் கோட்டையின் கருவிகள். புனித ஜார்ஜ் கோட்டைப் பட்டாளத்து இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார் முத்துசுவாமி தீட்சிதர். அவை நோட்டுசுரங்கள் எனப்படும். ஆங்கிலேய அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவருடைய இளவல் பாலுசுவாமி ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். மிஷனெரி சுவார்ட்சு ஐயரின் மாணாக்கராகிய இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) தஞ்சை அரண்மனையில் மேனாட்டுப் பாணியில் பேண்டு வைத்திருந்தார். கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் புகுந்தது. இவையெல்லாம் இசை வளர்ச்சி என்றே எழுதப்பட்டுள்ளன. ஆனால் சேரி இளைஞன் டிரம்பெட்டைக் கையிலெடுத்தபோது மட்டும் அது அந்நிய மோகமாயிற்று! இவ்விரட்டை அளவுகோலை வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டும்.

செங்கற்பட்டில் நற்செய்திப் பணியாற்றிய ஸ்காட்லாந்து ஃபிரீ சர்ச் மிஷனுக்கு வாத்திய இசையோடு இருந்த உறவு விந்தையானது. தாய்நாட்டில் அச்சபை தன் ஆராதனையில் இசைக்கருவிகளை அனுமதித்ததே 1883இல்தான். அதுவரை மனிதக் குரலால் சங்கீதம் பாடுவதே முறை. அம்மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஐயர் இம்மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் நிலமின்மையையும் அடிமைநிலையையும் இடைவிடாது எடுத்துரைத்தவர். கலெக்டர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையும், அதனடியாக 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையும் நாமறிந்தவையே. இதே மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ எனும் இதழைத் தொடங்கினார். அவர் கிறிஸ்தவரல்லர், எனினும் அக்காலத்து எழுச்சி ஒன்றே.

இச்சூழலில் சபைக்குள் வந்த மக்கள் பறையை வாசலுக்கு வெளியே விட்டனர். மிஷனெரிமார் அதனைத் தவிர்த்தது அம்மன் வழிபாட்டோடு அதற்கிருந்த தொடர்பினால். மக்கள் அதை விட்டதற்குக் காரணம் வேறு. பறையடித்தல் அவர்களுக்குக் கலையாக அன்று, கட்டாய ஊழியமாகவே விதிக்கப்பட்டிருந்தது. கூப்பிட்டால் போகவேண்டும், மறுத்தால் அடி. இவ்விரு மறுப்புகளையும் ஒன்றெனக் கொள்வது பிழை என்பது நம் கருத்து.

அவ்விடத்தை நிரப்ப வந்ததே பேண்டு. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1878இல் ஃப்ரை என்பவரும் அவர் மூன்று புதல்வரும் தொடங்கிய பித்தளைக் குழுவிலிருந்து இரட்சணிய சேனையின் வீதி இசை பிறந்தது. 1882இல் பம்பாயில் இறங்கிய அச்சேனையார் இசையோடு ஊர்வலம் சென்றமைக்காகவே கைதாயினர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியக்காரரும் கழிக்கப்பட்ட கருவிகளும் நாட்டுப்புறத்தை எட்டினர். மீரட் நகரில் 1885இல் தோன்றிய நாதிர் அலி நிறுவனத்தால் பின்னர் இந்நாட்டிலேயே செய்த கருவிகளும் கிடைத்தன.

பேண்டுக்காரன் பெற்றது இசை மட்டுமன்று. பறையடிப்பவனுக்குக் களத்து நெல்லும் மிஞ்சிய சோறும். பேண்டுக்காரனுக்கு முன்பேசிய கூலி. செருப்பணிந்து நடக்கக்கூடாதென்ற தெருவிலே பூட்சும் சரிகைச் சட்டையுமாய் அணிவகுத்து நடப்பது சிறு காரியமா? தீட்டு அவனை முற்றிலும் விட்டதென்று சொல்வதற்கில்லை. பேண்டு செட்டுக்கு ஆள் பெரும்பாலும் காலனியிலிருந்தே வந்தது. சாவு வீட்டுக்கும் அவனையே அழைத்தனர். பேஸ் டிரம்மின் முகமும் முன்னாளில் தோலே. அதில் ஒலிக்கும் அடி பறையின் அடியே என்பதைக் காதுள்ளோர் அறிவர்.

பறைக்கு இவ்விழிவு தொன்மையானதன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் பறையை வைக்கிறது. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையிலெடுத்தது, எபிரேய மூலத்தில் ‘தோஃப்’, அதாவது சட்டத்தில் தோல் போர்த்த கைப்பறை. நம் பழைய வேதாகமம் அதைத் ‘தம்புரு’ என்றது. தமிழ்ச் செவிக்கோ அது தந்தி மீட்டும் தம்பூராவாகக் கேட்டது. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் எத்தனை தலைமுறையின் செவியை மூடிவிட்டது!

மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு கிராமிய இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியான தம் நூலில் பறையைக் கிறிஸ்துவின் உருவகமாகவே விளக்கினார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் 2022இல் பணித்தார். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆயினும் பறையடிக்க மறுத்துத் துன்புற்ற முன்னோரின் வழிவந்தவர்கள், ஆலயத்துள் அதைக் கேட்கையில் முகஞ்சுளிப்பதுண்டு. அவர்களுக்கு அவ்வோசை இன்னும் ஊர்வேலையை நினைவூட்டுகிறது. கல்லூரி முற்றத்தில் பறை முழங்கினாலும், கிராமச் சபைகள் பலவற்றில் கிறிஸ்து பிறப்பு ஊர்வலத்தின் முன்னே செல்வது பேண்டுதான்.